பழைய வோல்வோவுக்கு எந்த ஹெட்லைட் வாங்குவது?

போன அக்டோபரில் அல்கோன்குவின் பூங்காவிலிருந்து டொராண்டோவுக்கு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலை 60. போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம், தெருவிளக்கு கிடையாது, இரண்டு பக்கமும் காடு. சாலையோரம் நின்ற மூஸ் மானை நான் பார்த்தபோது அது ரொம்பவே பக்கத்தில் இருந்தது. முதலில் தெரிந்தவை கால்கள் மட்டும்தான். அந்த மானுக்குக் கால்கள் அவ்வளவு உயரம்; கறுத்த உடம்பு விளக்கொளிக்கு மேலே இருட்டில் இருந்தது. அது அசையாமல் நின்றதால் தப்பித்தோம். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கார் 1990-ஆம் வருட வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன். மறுநாள் காலை வெயிலில் அதன் முன்னால் குனிந்து பார்த்தேன். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு பழைய நெய்யின் நிறத்தில் இருந்தது. உள்ளே வெள்ளிபோல் மின்ன வேண்டிய ரிஃப்ளெக்டர் சாம்பல் பூத்துக் கிடந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, அப்புறம் கார் நிற்க எடுக்கும் தூரம், எல்லாம் சேர்த்தால் காய்ந்த சாலையிலேயே 70 மீட்டரை நெருங்கும். என் டிம் வெளிச்சம் அதில் பாதிதான் எட்டியிருக்கும்.

அன்று ஆரம்பித்த தேடல் மூன்று மாதம் போயிற்று. இதே கார் இல்லாவிட்டாலும், வட அமெரிக்காவில் பழைய ஐரோப்பியக் காரோ ஜப்பானியக் காரோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள்: அதே அமெரிக்க வகை விளக்கைப் புதிதாக வாங்குவதா, ‘ஈ-கோட்’ என்று எல்லோரும் சொல்லும் ஐரோப்பிய விளக்கைத் தேடிப் பிடிப்பதா?

ஒரே காருக்கு இரண்டு வகை விளக்கு எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1940-லிருந்து சீல்டு பீம்தான் விதி. பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி எல்லாம் ஒரே உருண்டை. இழை போனால் முழுசாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். பல்பை மட்டும் மாற்றும் ஹெட்லைட்டுக்கு அங்கே 1983-இல்தான் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் 1971-லேயே எச்4 ஹாலோஜன் பல்பு வந்துவிட்டது. அதனால் வோல்வோ, மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ எல்லாம் ஊரில் ஒரு விளக்கும், கப்பலேற்றி அனுப்பும்போது வேறு விளக்கும் மாட்டினார்கள். என் 240-க்கு இங்கே கிடைத்தது 9004 என்ற பல்பு போடும் பிளாஸ்டிக் விளக்கு. சுவீடனில் அதே காருக்கு எச்4 பல்பும் கனத்த கண்ணாடி முகப்பும். அதைத் துடைக்கத் தனியாகக் குட்டி வைப்பர்கூட வைத்திருந்தார்கள்.

வெளிச்சத்தின் வடிவமும் வேறு. ஐரோப்பிய டிம் விளக்கைச் சுவரில் அடித்தால் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே அடர்ந்த வெளிச்சம். வலது பக்கம் போகும் சாலைக்கான விளக்கில் கோட்டின் வலது பாதி 15 பாகை சாய்வாக மேலே ஏறும். எதிரே வருபவர் கண்ணில் படாமல் நம் பக்கத்து ஓரத்தை மட்டும் தூரம்வரை காட்டத்தான் அந்த ஏற்றம். அந்தக் காலத்து அமெரிக்க விளக்கில் இப்படித் தெளிவான கோடு கிடையாது. வெளிச்சம் மேலேயும் கொஞ்சம் சிந்தும். எதிரே வருபவருக்குக் கூசும். ஆனால் தலைக்கு மேலே தொங்கும் வழிகாட்டிப் பலகைகள் அதில் பளிச்சென்று தெரியும். எதிர் வண்டிக்குக் கூசாமல் இருப்பதை ஐரோப்பியர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். பலகை தெரிவதை அமெரிக்கர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ஓட்டும் சாலையில் எது முக்கியம் என்பதை வைத்துத்தான் தேர்வு அமையும். டொராண்டோவின் 401 நெடுஞ்சாலையில் நகருக்குள் மட்டும் போய் வருபவருக்கு ஈ-கோட்டால் பெரிய லாபம் இல்லை. வளைந்து வளைந்து போகும் காட்டுச் சாலையில் ஓட்டுபவருக்கு லாபம் நிறைய.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் கூட்டாட்சித் தரம் அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை இரண்டு ஹெட்லைட்டையும் ஏற்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை; அங்கே விளக்கில் அமெரிக்கத் தரத்தைக் காட்டும் ‘டாட்’ முத்திரை இருக்க வேண்டும், ஐரோப்பிய ஒப்புதலைக் காட்டும் ஈ முத்திரை மட்டும் இருந்தால் போதாது. ஆண்டுதோறும் கார் பரிசோதனை நடக்கும் மாநிலத்தில் இருப்பவர்கள், பணம் கட்டும் முன் தங்கள் மாநில விதியைப் படித்துவிட வேண்டும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

மிகவும் மலிவானது, இருக்கும் விளக்கின் மஞ்சளைத் தேய்த்து எடுப்பது. உப்புத்தாள் மூன்று நான்கு வகை, பாலிஷ், கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு பூச்சு. ஒரு சனிக்கிழமை மதியம் போதும். நான் செய்து பார்த்தேன். முகப்பு கண்ணாடிபோல் ஆனது. இரவில் ஓட்டினால் முன்னேற்றம் இருந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை. காரணம் உள்ளே இருந்தது. ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு மங்கிவிட்டால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அந்தப் பூச்சு மிக மிக மெல்லியது, துணியால் தொட்டாலே கையோடு வந்துவிடும். ஆகவே தேய்க்க ஆரம்பிக்கும் முன் பல்பைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டர் பளபளவென்று இருந்தால் தேய்ப்பது நல்ல செலவு. இல்லையென்றால் அந்தச் சனிக்கிழமையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, அதே அமெரிக்க வகையைப் புதிதாக வாங்குவது. கார் நிறுவனத்தின் அசல் உதிரிபாகம் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். கிடைப்பவை வேறு கம்பெனிகள் செய்யும் மாற்றுப் பொருட்கள். விலை குறைவு, ஒயரைத் தொட வேண்டியதில்லை, சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. என் காருக்கு முதலில் இப்படி ஒரு ஜோடிதான் வாங்கினேன். முதல் வாரம் திருப்தியாக இருந்தது. ஆனால் சுவரில் அடித்துப் பார்த்தபோது இடது விளக்கும் வலது விளக்கும் இரண்டு வேறு வடிவங்கள் காட்டின. உயரம் சரிசெய்யும் பிளாஸ்டிக் திருகு ஒன்று குளிரில் உடைந்தது. ஜனவரி முடிவதற்குள் ஒன்றின் உள்ளே நீர் கோத்து, ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பக்கம் புள்ளி விழ ஆரம்பித்தது. இந்த வகையைக் குறைசொல்லி ஒதுக்கவில்லை. காரை இன்னும் இரண்டு வருடம் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு இதுவே நியாயமான தேர்வு. கடையில் வாங்கினால் பெட்டியைப் பிரித்து முத்திரை, திருகுகள், ரப்பர் ஓரம் எல்லாம் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, ஈ-கோட் கண்ணாடி விளக்கு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. 9004 பல்பு டிம்மில் 45 வாட், 700 லூமன் (பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு). பிரைட்டில் 65 வாட், 1200 லூமன். எச்4 டிம்மில் 55 வாட், 1000 லூமன். பிரைட்டில் 60 வாட், 1650 லூமன். இதைப் பார்த்ததும் வெளிச்சம் ஒன்றரை மடங்காகிவிடும் என்று தோன்றும். டிம்மில் அப்படி ஆகாது. எச்4 பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம்போல ஒரு தகடு இருக்கும். அதுதான் அந்தக் கூர்மையான கோட்டை உண்டாக்குகிறது; அதற்காக ரிஃப்ளெக்டரின் மேல் பாதியை மட்டுமே வெளிச்சம் தொட விடுகிறது. அதனால் மொத்த வெளிச்சத்தில் ஒரு பங்கு வீணாகத்தான் செய்யும். டிம்மில் கிடைக்கும் லாபம் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. எங்கே வேண்டுமோ அங்கே விழும். பிரைட் போட்டால் அளவிலும் வித்தியாசம் தெரியும். காட்டுச் சாலையில் எதிரே யாரும் வராத நேரத்தில் அந்த பிரைட்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் கண்ணாடி. கண்ணாடி மஞ்சளாகாது. சரளைக்கல் பட்டால் உடையும் என்பது உண்மைதான், ஆனால் முப்பது வருடம் ஓடிய கண்ணாடியைக் கழுவினால் புதிது மாதிரி இருக்கிறது. குளிர்காலத்தில் உப்பும் சேறும் அப்பிய முகப்பை பெட்ரோல் பங்கில் நிறுத்தி அழுத்தித் தேய்க்கலாம். பிளாஸ்டிக்கை அப்படித் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

குறையும் சொல்ல வேண்டும். கோட்டுக்கு மேலே இருட்டு என்றேன். மேடும் பள்ளமுமான சாலையில், பள்ளத்தில் இறங்கும்போது வெளிச்சம் சட்டென்று அறுந்ததுபோல இருக்கும். பழகச் சில நாள் ஆகும். வேகனின் பின்னால் சாமான் ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். அந்தக் கூர்மையான கோடும் கூடவே ஏறி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் சுமைக்கேற்ப விளக்கைத் தாழ்த்த டாஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. இங்கே விற்ற கார்களில் அது இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கண்ணாடியில் வார்த்திருக்கும் எழுத்துகளை. ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் எந்த நாடு ஒப்புதல் தந்தது என்பதைச் சொல்லும்: 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 5 சுவீடன், 11 பிரிட்டன். பக்கத்தில் எச்.சி.ஆர் என்று இருந்தால் ஹாலோஜனில் டிம், பிரைட் இரண்டும் உண்டு. எச்.சி என்றால் டிம் மட்டும், எச்.ஆர் என்றால் பிரைட் மட்டும். முன்னால் எச் இல்லாமல் சி.ஆர் என்று மட்டும் இருந்தால் அது ஹாலோஜனுக்கு முந்தைய பல்பு போடும் விளக்கு. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 17.5, 20, 25, 30 என்று ஓர் எண்ணும் இருக்கும். பிரைட்டின் உச்ச வலிமைக்கான குறி அது. எண் கூடினால் எட்டும் தூரமும் கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அம்புக்குறி. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அம்பு இருக்காது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானதில் ஒரு அம்பு இருக்கும். இரு முனையும் கூரான அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். இதைப் பார்க்காமல் நான் ஒரு முறை பணத்தை விட்டேன். பிரிட்டனிலிருந்து ஒருவர் அருமையான ஜோடி ஒன்றை விலை குறைவாகப் போட்டிருந்தார். படத்தில் அம்பு மங்கலாகத் தெரிந்தது, நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. வந்து மாட்டிச் சுவரில் அடித்தால் ஏற்றம் இடது பக்கம் போகிறது. அதாவது எதிரே வருபவர் முகத்துக்கு நேராக. திருகிச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியின் வார்ப்பே அப்படி. சுவீடனே 1967 செப்டம்பர் 3 அன்று இடதிலிருந்து வலதுக்கு மாறியபோது ஹெட்லைட்டுகளை மாற்றுவது பெரிய செலவுக் கேள்வியாக நின்றது. கார்களில் பெரும்பாலும் மலிவான வட்ட விளக்குகள் இருக்கும்போதே மாறிவிடுவது நல்லது என்று அப்போது வாதாடினார்கள்.

இதே காரணத்தால்தான் ஊருக்குப் போகும்போது வாங்கி வரலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்கிறேன். அம்பாசடரில் இருக்கும் ஏழு அங்குல வட்ட விளக்கு இங்கே பல பழைய கார்களுக்கு அளவில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இந்தியாவில் விற்பது இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கானது.

வட்ட விளக்குக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். ஏழு அங்குலம், ஐந்தே முக்கால் அங்குலம் இரண்டும் உலகப் பொது அளவுகள். ஹெல்லா, சிபியே போன்ற பெயர்களில் எச்4 போடும் கண்ணாடி விளக்குகளைப் புதிதாகவே வாங்கலாம். என் 240 போல அந்தக் காருக்கென்றே செய்த வடிவம் என்றால் பழையதைத் தேட வேண்டும். பழையதில் முதல் கேள்வி ரிஃப்ளெக்டர். விற்பவரிடம் பல்பு ஓட்டை வழியாகவும், முன்னாலிருந்து டார்ச் அடித்தும் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். மங்கிய ரிஃப்ளெக்டரோடு வரும் அசல் ஹெல்லாவைவிட, நல்ல ரிஃப்ளெக்டரோடு வரும் சாதாரண பிளாஸ்டிக் விளக்கு மேல். குரோம் பூசித் தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். கண்ணுக்குப் பளபளத்தாலும் குரோம் அலுமினியத்தைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும்.

நான்காவதாக எல்லோரும் சொல்வது, இருக்கும் விளக்கில் எல்இடி பல்பு செருகுவது. இதை நான் சேர்க்கவே மாட்டேன். அந்த ரிஃப்ளெக்டர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எரியும் ஒரு மெல்லிய இழைக்காகக் கணக்குப் போட்டு வளைத்தது. அங்கே தட்டையான எல்இடி சில்லை வைத்தால் கோடு கலைந்து எங்கெங்கோ சிதறும். காருக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளை வெளேரென்று இருக்கும், தூரம் இருட்டாகிவிடும். பக்கத்து வெளிச்சத்துக்குக் கண் சுருங்குவதால் தூரத்தில் இருப்பது இன்னும் தெரியாது. எதிரே வருபவர் படும் பாடு தனி. வட்ட விளக்குக் கார்களுக்கு முழு விளக்காகவே வரும் எல்இடி வேறு விஷயம். அதன் ஒளியமைப்பே எல்இடிக்காகச் செய்தது, முத்திரை உள்ளவை நன்றாக இருக்கின்றன. ஒரே சங்கடம், அவற்றின் முகப்பு சூடாகாது. பனி விழும்போது படிந்து உறைந்துவிடும். சூடேற்றும் கம்பி வைத்தவை கிடைக்கின்றன. இந்த ஊரில் வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும்.

நூறு வாட் ஹாலோஜன் பல்பும் வேண்டாம். பழைய ஒயரையும் சுவிட்சையும் அது சுட்டுவிடும். நீலப் பூச்சுப் பல்பு வெளிச்சத்தைக் குறைத்து நிறத்தைத்தான் தருகிறது.

இப்போது யாரும் பெரிதாகப் பேசாத, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று. பல்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய கார்களில் விளக்கின் முழு மின்சாரமும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய், அங்கிருந்து திரும்ப முன்னால் வருகிறது. முப்பது வருடத் துரு, தளர்ந்த இணைப்பு, மெல்லிய ஒயர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும். ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும். 13.2 வோல்ட்டில் 1000 லூமன் தரும் எச்4, 12 வோல்ட்டில் சுமார் 720 லூமன்தான் தரும். அதாவது ஐரோப்பிய விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, 9004 பல்பின் வெளிச்சத்தையே திரும்பப் பெறுகிறீர்கள்.

என் காரில் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8, இடது பல்பின் முனையில் 12.1. பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்து, தனி ஃபியூஸோடு கனமான ஒயர் இழுத்தேன். பழைய ஒயர் இப்போது ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கிறது. தரை (எர்த்) இணைப்பையும் புதிதாகப் போட்டேன். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முடித்து அளந்தால் 13.5. ஒரு ஜோடி விளக்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இதைச் செய்துவிட்டு வேறு எதுவும் வாங்காமல் நிறுத்திக்கொண்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் கார் நகரத்தை விட்டு வெளியே போவதில்லை, அவருக்கு அது போதும்.

240 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. 1980-களின் நடுப்பகுதிக் கார்களில் என்ஜின் அறை ஒயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். கை வைக்கும் முன் அதைப் பாருங்கள். அப்புறம், பல்பு போய்விட்டால் சொல்லும் கருவி இடது, வலது மின்னோட்டத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. இரண்டு பல்பையும் ஒரே கம்பெனியில், ஒரே நேரத்தில் மாற்றாவிட்டால் எச்சரிக்கை விளக்கு காரணமில்லாமல் எரியும். 9004-க்கும் எச்4-க்கும் பிளக் வேறு, முனைகளின் வரிசையும் வேறு. பிளக்கை மாற்றும்போது எந்த ஒயர் டிம், எது பிரைட், எது தரை என்று மீட்டரால் உறுதிசெய்யாமல் இணைக்காதீர்கள்.

கடைசியில் நான் எடுத்த முடிவு: ரிலே, ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பழைய ஈ-கோட் ஜோடி, பூச்சு எதுவும் இல்லாத சாதாரண 60/55 வாட் எச்4. கண்ணாடிக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டேன். மொத்தச் செலவு சில நூறு டாலர். நான் முதலில் வாங்கி வீணடித்த இரண்டு ஜோடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கழற்றிய அமெரிக்க விளக்கில் நல்ல ஒன்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்; காரை எல்லைக்கு அப்பால் யாராவது வாங்க வந்தால் அவருக்கு அது வேண்டும்.

மாட்டியதும் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடாதீர்கள். கூர்மையான கோடு உள்ள விளக்கை ஏற்றமாக வைத்துக்கொண்டு ஓட்டுவது எதிரே வருபவரைக் குருடாக்கும். சமதளமான இடத்தில் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டேங்க்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் கோட்டின் தட்டையான பாகம் அந்த டேப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சாய்வு ஏற ஆரம்பிக்கும் முனை அந்தந்த விளக்கின் நேர் எதிரே இருக்க வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைத் திருகுங்கள். எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கூடாரமும் பெட்டிகளும் ஏற்றிக் கிளம்பும் நாளில், சாமான் ஏற்றிய பிறகு அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி, கோடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு இறக்கிவிட்டுத்தான் புறப்படுகிறேன்.